மூட்டு வருத்தக்காரருக்கு எந்தக் காணொளி? கிளினிக்கில் காசு செலவழிக்க முன்னர்

முடக்குவாதமும் மூட்டுத் தேய்வும் ஒரு மாத மருந்தோடு போகிற வருத்தங்கள் அல்ல. பத்து, இருபது வருசம் கூடவே இருக்கும். அந்தக் காலம் முழுவதும் கிளினிக்கில் வைத்தியருக்கு முன்னால் இருப்பது ஒவ்வொரு முறையும் சில நிமிடம். மிச்ச நாளெல்லாம் குளிசையை எப்போது குடிப்பது, நோவு கூடினால் நடப்பதா படுப்பதா, எதற்குப் பயந்து வைத்தியசாலைக்கு ஓடுவது என்று முடிவெடுப்பது நோயாளியும் வீட்டாரும்தான். காணொளி தேவைப்படுவது அந்த மிச்ச நாளுக்கு. யாழ்ப்பாணத்தில் இதற்குக் காசு தரவும் ஆக்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டு உறவுகளிடம் கேட்டால் பெரும்பாலும் மறுப்பு வராது. ஆனால் "ஒரு நல்ல வீடியோ செய்து போடுங்கோ" என்ற இடத்திலேயே கதை நின்றுவிடும். எந்த மாதிரி வீடியோ, எங்கே போடுவது, போட்டபின் விளங்கியதா என்று எப்படிப் பார்ப்பது என்பதெல்லாம் பிறகுதான் வரும். அதற்குள் காசு முடிந்திருக்கும்.

கையில் இருக்கும் தெரிவுகள் நான்கு. தமிழ்நாட்டு வைத்தியர்கள் யூரியூப்பில் போட்டவற்றைத் தெரிந்தெடுத்துக் கொடுப்பது. வெளிநாட்டு நிறுவனங்களின் காணொளிக்குத் தமிழ்க் குரல் சேர்ப்பது. அனிமேஷன் செய்விப்பது. உள்ளூரில் போனால் எடுப்பது. எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: மருந்துக்கும் வீட்டுவேலைக்கும் உள்ளூரில் எடுத்ததே வேண்டும், அழகு குறைந்தாலும் பரவாயில்லை. வருத்தம் என்றால் என்ன என்று விளக்குவதற்கு இரவல் போதும். அனிமேஷனுக்குப் போகிற காசு கடைசிக் காசாக இருக்கட்டும்.

ஆயத்தமாகக் கிடைப்பவை

தமிழ்நாட்டுக் காணொளிகளில் நல்லவை உண்டு. உடலின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டையே தாக்குவது எப்படி, காலையில் விரல் மடங்க அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுப்பது ஏன் முடக்குவாதத்தைச் சந்தேகிக்க வைக்கிறது, தேய்வில் அந்த விறைப்பு ஏன் சீக்கிரம் விடுகிறது என்பதையெல்லாம் வாதநோய் நிபுணர்கள் தெளிவாகச் சொல்கிறார்கள். இந்தப் பகுதியைத் திரும்ப எடுக்கத் தேவையில்லை.

மருந்துக்கு வந்தவுடன் பொருந்தாமல் போகிறது. அங்கே காட்டுவது கம்பனிப் பெயர் அச்சிட்ட அட்டை. இங்கே அரசாங்க மருந்தகத்தில் பெரும்பாலும் கிடைப்பது, எண்ணிக் கடதாசி உறையில் போட்டுக் கையால் எழுதித் தந்த குளிசை. அட்டையைப் பார்த்துப் பழகிய கண் உறையில் உதவாது. சாப்பாட்டுப் பத்தியம் இன்னொரு தலையிடி. கத்தரிக்காயையும் தக்காளியையும் நிறுத்தினால் முடக்குவாதம் குறையும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. யூரிக் அமிலத்தால் வரும் கவுட் வருத்தத்துக்குச் சொல்லும் பத்தியத்தை எல்லா மூட்டு வருத்தத்துக்கும் பொதுவாக்கிச் சொல்லும் காணொளிகள் தாராளமாக இருக்கின்றன. ஏற்கெனவே மெலிந்திருக்கும் ஒரு முடக்குவாதக்காரர் பருப்பையும் மீனையும் விட்டுவிட்டு வந்து நிற்பது இதன் விளைவு.

நல்ல காணொளியைத் தேடிப் பிடித்துக் கொடுத்தாலும் அதன் பக்கத்தில் வருவது நம் கையில் இல்லை. முடிந்த கையோடு "மூன்று நாளில் மூட்டு வலி போக" என்று அடுத்தது தானாக ஓடும். 2012 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, முடக்குவாதம் பற்றி யூரியூப்பில் இருந்த 102 காணொளிகளைப் பார்த்தது. அவற்றில் கிட்டத்தட்ட 30 வீதம் தவறான தகவல். பார்வையாளர் எண்ணிக்கையில் நல்லதுக்கும் கெட்டதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. ஆகவே "பத்து லட்சம் பேர் பார்த்தது" என்பது ஒரு தகுதியே அல்ல.

தெரிந்தெடுப்பதற்குப் பெமாற் என்ற அளவுகோல் உண்டு. அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு முகவரகம் 2013 இல் வெளியிட்டது. காணொளிக்கான வடிவத்தில் 17 கேள்விகள்: 13 விளங்குமா என்று பார்ப்பவை, 4 பார்த்தவர் எதையாவது செய்ய முடியுமா என்று பார்ப்பவை. பலரும் 70 வீதத்தை எல்லையாக வைக்கிறார்கள். நேரமில்லாத கிளினிக் அந்தக் கடைசி நான்கையாவது பார்க்கட்டும். வைத்தியர் மேசைக்குப் பின்னால் இருந்து பன்னிரண்டு நிமிடம் கதைக்கும் காணொளிகள் விளங்குவதில் நல்ல புள்ளி எடுக்கும். செய்யமுடியுமா என்ற பகுதியில் விழுந்துவிடும். பேசுபவரின் பெயரும் தகுதியும் திகதியும் இருக்கிறதா, முடிவில் எண்ணெயோ பவுடரோ விற்கிறாரா என்பதைப் பார்க்க அளவுகோல் தேவையில்லை.

வெளிநாட்டுக் காணொளிக்குத் தமிழ்க் குரல்

இதில் ஒரேயொரு வகை காசுக்குப் பெறுமதி: கைப் பயிற்சி. விரலும் மணிக்கட்டும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். பிரித்தானியாவில் முடக்குவாதக்காரருக்கென ஆராய்ந்து வகுத்த சாரா என்ற பயிற்சித் திட்டத்தில் 7 அசைவுப் பயிற்சிகளும் 4 வலுப் பயிற்சிகளும் இருக்கின்றன; வழமையான கவனிப்போடு இதையும் செய்தவர்களின் கைப் பயன்பாடு ஒரு வருடத்தின் பின்னும் மேலாக இருந்தது என்று 2015 இல் லான்செற் சஞ்சிகையில் வெளிவந்தது. இப்படிப்பட்ட ஒன்றுக்குக் குரல் சேர்க்கலாம். உரியவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். இலவசமாகப் பார்க்கக் கிடைப்பதும் மாற்றி வெளியிட உரிமை இருப்பதும் வேறு வேறு.

குரல் சேர்ப்பதில் வழக்கமாகப் பிழைக்கும் இடம் நேரம். ஆங்கிலத்தில் நான்கு விநாடியில் சொல்லி முடிப்பதைத் தமிழில் சொல்ல ஆறு விநாடி பிடிக்கும். படம் அடுத்த பயிற்சிக்குப் போன பிறகும் குரல் முந்தியதையே சொல்லிக்கொண்டிருக்கும். படத்தை ஆங்காங்கே நிறுத்தி வைத்துக் குரலுக்கு இடம் கொடுக்க வேண்டும், அல்லது வசனத்தைப் பாதியாக வெட்ட வேண்டும். குரல் வேண்டாம், கீழே எழுத்துப் போடுவோம் என்பது மலிவான வழி. கண்ணில் வெண்புரை விழுந்த அறுபத்தைந்து வயதுக்காரர் சின்னப் போனில் அதை வாசிக்கப் போவதில்லை.

மற்றபடி வெளிநாட்டு வீட்டுவேலைக் காணொளிகள் இங்கே செல்லாது. போத்தல் மூடி திறக்கும் கருவியும் மாடிப்படிக் கைப்பிடியும் காட்டுவார்கள். நம்மவரின் முழங்கால் முறைப்பாடு தொடங்குவது திருவலையிலும் குந்தும் மலசலகூடத்திலும்.

அனிமேஷன்

மூட்டுக்குள் இருக்கும் சவ்வு வீங்குவதையும் குருத்தெலும்பு தேய்வதையும் காட்ட இதைவிட நல்ல வழி இல்லை. வேறு எதற்கும் வேண்டாம். கார்ட்டூன் உருவம் செய்யும் பயிற்சியில் முழங்கால் எவ்வளவு நீட்டுப்பட வேண்டும், எங்கே நடுங்கும் என்பது தெரியாது. ஒரு மருந்து அறிவுரை மாறினால் செய்தவரையே திரும்பத் தேடிப்போக வேண்டும். வெட்டித் திருத்தக்கூடிய மூலக் கோப்பைப் பெரும்பாலும் தரமாட்டார்கள். உடன்பாட்டில் அதை முதலிலேயே எழுதிவிடுங்கள்.

உள்ளூரில் போனால் எடுப்பது

முதலில் எடுக்க வேண்டியது மெத்தோட்ரெக்சேற். முடக்குவாதத்தில் முதல் வரிசை மருந்து அது. பிழையாகக் குடித்தால் உயிரெடுக்கக்கூடியதும் அதுதான். கிழமைக்கு ஒருமுறை மட்டும் குடிக்க வேண்டியதை நாள்தோறும் குடித்தால் வாய் புண்ணாகும், எலும்பு மச்சை இரத்தம் உண்டாக்குவதை நிறுத்தும். இந்தப் பிழை கவலையீனத்தால் வருவதில்லை. மேசையில் ஒரே மாதிரிக் கடதாசி உறை ஐந்தாறு இருக்கும்: பிரஷர் குளிசை, சீனி வருத்தக் குளிசை, கல்சியம், போலிக் அமிலம், இது. மகளோ மருமகளோ எல்லாவற்றையும் நாட்பெட்டியில் நிரப்பும்போது இதையும் ஏழு நாளுக்கும் பிரித்துப் போட்டுவிடுவார். இன்னொன்று, இந்தக் குளிசை 2.5 மில்லிகிராமிலும் 10 மில்லிகிராமிலும் வருகிறது. ஒரு மாதம் 2.5 இல் நான்கு குடித்தவருக்கு அடுத்த மாதம் 10 இல் ஒன்று கொடுக்கப்பட்டால், பழக்கத்தில் நான்கை எடுத்துக் குடிப்பார். அது நாலு மடங்கு.

ஆகவே காணொளியில் காட்ட வேண்டியது வைத்தியரின் முகமல்ல, அந்த உறை. கமராவை மேசைக்கு மேலே நேர்கீழாகப் பிடித்து, உறையைப் பிரித்து, குளிசையை உள்ளங்கையில் எண்ணிக் காட்டுங்கள். பிறகு அந்த உறையை மற்றவற்றிலிருந்து விலக்கித் தனி டப்பாவில் போடுவதைக் காட்டுங்கள். சுவரில் தொங்கும் நாட்காட்டியில் ஒரு மாதத்துக்குரிய நாலோ ஐந்தோ நாளைச் சிவப்பு மையால் வட்டமிடுவதைக் காட்டுங்கள். மெத்தோட்ரெக்சேற்றின் பக்கவிளைவைக் குறைக்கச் சேர்த்துக் கொடுக்கும் போலிக் அமிலத்தின் நாளை நீலத்தால். நாட்பெட்டிக்குள் இந்தக் குளிசை போகக்கூடாது என்று வீட்டாரைப் பார்த்துச் சொல்லுங்கள். எத்தனை மில்லிகிராம், எந்தக் கிழமை நாள் என்று காணொளியில் சொல்லவே கூடாது. "உங்கட கிளினிக் கொப்பியில எழுதியிருக்கிற நாள், எழுதியிருக்கிற எண்ணிக்கை" என்பதோடு நிறுத்துங்கள். போலிக் அமிலத்தை ஒரு வைத்தியர் கிழமைக்கு ஒருநாள் எழுதுவார், இன்னொருவர் மெத்தோட்ரெக்சேற் நாள் தவிர மற்ற நாளெல்லாம் எழுதுவார். காணொளி ஒன்றைச் சொன்னால் மற்றக் கிளினிக்குக்காரர் குழம்புவார்.

அதே காணொளியில் இன்னும் நான்கு செய்திக்குத்தான் இடமிருக்கிறது. குணம் தெரிய 6 முதல் 12 கிழமை செல்லும், அதற்குள் விட்டுவிட வேண்டாம். காய்ச்சல், வாய்ப்புண், வறட்டு இருமலோடு மூச்செடுக்கக் கஷ்டம் வந்தால் அடுத்த முறைக் குளிசையைக் குடிக்காமல் உடனே வைத்தியசாலைக்கு வாருங்கள். வேறு வைத்தியர் கிருமிக்கு மருந்து எழுதினால் கொப்பியைக் காட்டுங்கள். கோ-ட்ரைமொக்சசோல் என்ற கிருமி மருந்து மெத்தோட்ரெக்சேற்றோடு சேரக்கூடாதது. பிள்ளைப்பேறு எண்ணமிருந்தால் முன்னரே சொல்லுங்கள், கர்ப்பத்தில் இந்த மருந்து ஆகாது. இரத்தப் பரிசோதனை, மதுபானம், பரியாரியிடம் வாங்கும் சூரணம் எல்லாம் இரண்டாவது காணொளிக்கு. அந்தச் சூரணக் கதையைச் சொல்லும்போது ஏளனம் வேண்டாம். எண்ணெய் பூசுகிறவர்களை ஏசினால், உள்ளுக்கு எடுப்பதையும் மறைப்பார்கள். ஈரலைப் பாதிக்கக்கூடிய மெத்தோட்ரெக்சேற்றோடு வேறென்ன சேர்கிறது என்று தெரியாமல் போகும்.

பயிற்சிக் காணொளிக்கு விதி வேறு. விளக்கம் ஒன்று, கூடச் செய்வது ஒன்று என்று இரண்டாக எடுங்கள். கூடச் செய்வதில் வெட்டல் கூடாது. கதிரையில் முதுகு படிய இருந்து, ஒரு காலை நேராக நீட்டி, பாதத்தைத் தன்பக்கம் இழுத்து, 5 விநாடி பிடித்து, மெல்ல இறக்குவது. ஒரு காலுக்கு 10 முறை. பத்தையும் எண்ணிக் காட்ட வேண்டும். "இப்படியே பத்துத்தரம்" என்று சொல்லி வெட்டினால் பார்ப்பவரும் மூன்றோடு நிறுத்துவார். கமரா பக்கவாட்டில், முழங்கால் உயரத்தில். சேலையோடு செய்தால் முழங்கால் நீட்டுப்படுவது தெரியாது, சுரிதார் நல்லது. செய்பவர் அறுபது தாண்டியவராக இருக்கட்டும். இருபத்தைந்து வயதுத் தாதி மாணவி செய்து காட்டினால் "அது அவைக்குச் சரி" என்று விட்டுவிடுவார்கள். பிளாஸ்டிக் கதிரை வேண்டாம், மினுக்கிய சீமெந்து நிலத்தில் வழுக்கும். மரக் கதிரையைச் சுவரோடு அணைத்து வையுங்கள், இருக்கை 45 சென்ரிமீற்றர் அளவில் இருந்தால் எழும்பி இருக்கும் பயிற்சிக்கும் அதுவே போதும். கடைசியில் ஒரு விதி: பயிற்சிக்குப் பிறகு கூடின நோவு 2 மணித்தியாலத்துக்கு மேல் நின்றால் அடுத்த முறை எண்ணிக்கையைக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம்.

வீட்டுவேலைக் காணொளியைக் குசினியிலேயே எடுங்கள். திருவலையில் குந்தித் தேங்காய் துருவும்போது முழங்கால் முழுதாக மடங்குகிறது, மணிக்கட்டு வளைந்தபடி பாரம் ஏற்கிறது. மேசையில் பூட்டும் துருவி முழங்காலைக் காப்பாற்றும். ஆனால் சிரட்டையை அமத்திப் பிடிக்கும் கைக்கு வேலை குறையாது. தேய்வுக்காரருக்கு அது போதும். வீங்கின மணிக்கட்டுள்ள முடக்குவாதக்காரருக்கு மின் துருவி அல்லது வேறொருவர். இந்த வித்தியாசத்தை வெளியூர்க் காணொளி எதுவும் சொல்லித் தராது. உடுப்பை முறுக்கிப் பிழியாமல் உள்ளங்கையால் அமத்தி வடியவிடுவது, கிணற்றில் அள்ளினால் அரைவாளி, குந்தும் மலசலகூடத்துக்கு மேலே வைக்கும் கமோட் கதிரை ஆகியவற்றுக்கு ஒவ்வொரு நிமிடம் போதும்.

தொழில்நுட்பத்தில் மூன்று விடயம் பார்த்தால் மிச்சம் தானாக வரும். சத்தம்: விசிறியை நிறுத்துங்கள், சட்டையில் குத்தும் மைக் பாவியுங்கள், திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கி இல்லாத நேரம் பாருங்கள். படம் மங்கினால் பார்ப்பார்கள், குரல் கேட்காவிட்டால் பார்க்கமாட்டார்கள். வெளிச்சம்: ரியூப் லைற்றின் கீழ் படத்தில் கோடு ஓடுவது நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால். போனில் விநாடிக்கு 25 படம், ஷட்டர் 50 இல் ஒன்று அல்லது 100 இல் ஒன்று என்று வைத்தால் நின்றுவிடும். ஜன்னலடியில் பகலில் எடுப்பது அதைவிடச் சுகம். நீளம்: 2014 இல் இணையப் பாடக் காணொளிகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வொன்றில் பார்ப்பவர்களின் கவனம் 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. அவர்கள் படிக்க வந்த மாணவர்கள். நோவோடு இருப்பவருக்கு 3 நிமிடத்தைத் தாண்டவேண்டாம். நிமிடத்துக்கு 80, 90 சொல்லுக்கு மேல் பேசினால் வேகம். எனவே 3 நிமிடத்துக்கு எழுத்துப் பிரதி 250 சொல்லோடு முடியவேண்டும்.

வைத்தியசாலைக்குள் எடுப்பதானால் பணிப்பாளரின் அனுமதி எழுத்தில் வேண்டும். முகம் தெரியும் நோயாளியின் சம்மதமும் அப்படியே. பின்னால் நடந்துபோகிறவர்களையும் மேசையில் விரிந்து கிடக்கும் கொப்பிப் பெயர்களையும் மறக்கவேண்டாம்.

எங்கே காட்டுவது

அன்பளிப்புக் காசு முதலில் போகும் இடம் காத்திருக்கும் மண்டபத்து ரிவி. பயன் குறைந்ததும் அதுதான். இலக்கம் எப்போது கூப்பிடுவார்கள் என்பதில்தான் எல்லார் காதும் இருக்கும். சத்தத்தைக் கூட்டினால் தாதி குறைப்பார், அவரில் பிழையில்லை. ஆகவே அங்கே ஓடுவது சத்தமில்லாமலும் விளங்க வேண்டும்: பெரிய எழுத்து, 60 முதல் 90 விநாடி, எந்த இடத்தில் பார்க்கத் தொடங்கினாலும் பொருள் வரவேண்டும். ஐபோனில் எடுத்ததை அப்படியே பென்ட்ரைவில் போட்டால் பழைய ரிவி ஓட்டாது, அது எச்.265 வடிவம். எச்.264 எம்பி4 ஆக மாற்றிப் போடுங்கள். கரண்ட் போய் வந்தால் ரிவி தானாகத் தொடங்காது. அதைத் திரும்பப் போடும் பொறுப்பு யாருக்கு என்று பெயர் குறிக்காவிட்டால் அடுத்த மாதம் அதில் சீரியல்தான் ஓடும்.

வட்ஸ்அப் வீட்டுக்குள் போகும். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஒரு மணித்தியாலம் வந்து, பிறகு பஸ் ஏறுகிறவருக்கு அடுத்த கிளினிக் வரை இருக்கும் ஒரே துணை அந்தக் கோப்புத்தான். இணைப்பை அனுப்பவேண்டாம், கோப்பையே அனுப்புங்கள். சிக்னலும் டேட்டாவும் இல்லாத இடத்திலும் ஓடும். நிமிடத்துக்கு 4, 5 மெகாபைற் என்று சுருக்கினால் 3 நிமிடக் காணொளி 15 மெகாபைற்றுக்குள் அடங்கும். போன் மகனுடையதாக இருக்கும், மகன் கொழும்பில் இருப்பான்; யார் போனுக்கு அனுப்புகிறோம் என்று கேட்டு எழுதுங்கள். இதன் குறை, பழைய பதிப்பைத் திரும்ப எடுக்க முடியாது. ஊர் முழுக்கச் சுற்றும். அதனால் முதல் விநாடியிலேயே மாதமும் வருடமும் திரையில் இருக்கட்டும்.

யூரியூப் சனலைக் களஞ்சியமாக வையுங்கள். ஏற்றிய காணொளியின் இடத்தில் திருத்தியதை மாற்றி வைக்க அங்கே வழியில்லை. புதிதாக ஏற்றினால் முகவரி மாறும், கொப்பியில் ஒட்டிய கியூஆர் செத்துப்போகும். கியூஆரைத் தனிக் காணொளிக்குக் கொடுக்காமல் பிளேலிஸ்ற்றுக்குக் கொடுத்தால் உள்ளே இருப்பதை எப்போதும் மாற்றலாம். காசு சம்பாதிக்காத சனலிலும் விளம்பரம் வரும், 2020 இறுதியில் வந்த விதி அது. உங்கள் மெத்தோட்ரெக்சேற் காணொளிக்கு முன்னால் மூட்டு எண்ணெய் விளம்பரம் ஓடக்கூடும்.

எல்லாவற்றிலும் மேலானது மலிவானதுதான்: மருந்து வாங்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கதிரை, ஒரு டெப், ஒரு தாதி. புதிதாக மெத்தோட்ரெக்சேற் தொடங்குகிறவரை மட்டும் இருத்தி, 3 நிமிடம் காட்டி, பிறகு கேட்பது. "விளங்கிச்சோ?" என்று கேட்கக் கூடாது, எல்லாரும் ஓம் என்பார்கள். "அம்மா, நான் சரியா விளங்கப்படுத்தினனோ எண்டு பார்க்க வேணும். இந்த உறையில இருக்கிறதை வாற கிழமை எப்ப குடிப்பியள்? எத்தினை?" உறையை அவர் கையில் கொடுத்துக் கேளுங்கள். பதில் பிழைத்தால் காணொளியின் அந்த இடத்தைத் திரும்ப ஓட்டலாம். மண்டபத்து ரிவியிலும் வட்ஸ்அப்பிலும் இந்தத் திரும்பக் கேட்டலுக்கு இடமே இல்லை.

வெளியிட முன்னரும் இதே முறையில், சம்பந்தமில்லாத ஐந்து பேரிடம் காட்டிக் கேளுங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தில் பிழைத்தால் அந்த இடத்தைத் திரும்ப எடுக்க வேண்டும். போனில் எடுத்ததென்றால் அது ஒரு பின்நேர வேலை; அனிமேஷனென்றால் இன்னொரு நன்கொடை.

மூலக் கோப்புகளையும் எழுத்துப் பிரதியையும் இரண்டு இடத்தில் வையுங்கள். சனலின் கடவுச்சொல் பயிற்சி வைத்தியர் ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் இருந்தால் அவர் இடமாற்றம் பெற்ற அன்றோடு சனல் பூட்டப்பட்ட மாதிரி. கிளினிக்கின் பொது மின்னஞ்சலில் திறந்து, கடவுச்சொல்லை அலுவலகத்தில் ஒப்படையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை மருந்தாளரும் வைத்தியரும் ஒவ்வொன்றையும் பார்த்து, உறையும் குளிசையின் நிறமும் இப்போது கொடுப்பதோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்க வேண்டும். ஒத்துப்போகாததை அன்றே பிளேலிஸ்ற்றிலிருந்து எடுத்துவிடுங்கள், புதியது வரும்வரை இடம் வெறுமையாக இருந்தாலும்.